பழைய சாமான்களைக் கொண்டு குட்டிக் கடல்தொட்டி: எது பழசாக இருக்கலாம், எது கூடாது

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் 18 அங்குல நீளம், 10 அங்குல அகலம், 10 அங்குல உயரத்தில் ஒரு பழைய மீன்தொட்டி கிடக்கிறதாம், ஒரு மூலையில் கசிவு. ஏர் கூலரில் கழற்றிய தண்ணீர் மோட்டார், பழைய கம்ப்யூட்டரின் ஃபேன், 9 வாட் எல்இடி பல்பு எல்லாம் கைவசம் இருக்கின்றன. கடல் நடக்கிற தூரம். ராமேஸ்வரம் போகும் நண்பர் ஒரு பவளக் கல் எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார். "கையிலிருப்பதை வைத்தே, காசு செலவில்லாமல், ஒரு சின்னப் பவளத்தொட்டி அமைக்க முடியுமா?" என்பது கேள்வி. முடியும் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் மூன்றாம் வாரம் தொட்டி நாறும். எது பழசாக இருந்தால் பரவாயில்லை, எது புதுசாக இருந்தே தீர வேண்டும் என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி. தண்ணீரைத் தாங்குவதும் தண்ணீருக்கு வெளியே இருப்பதும் பழசாக இருக்கலாம். தண்ணீரில் கரையக்கூடியதும், மின்சாரத்தோடு தண்ணீருக்குள் இறங்குவதும் பழசாக இருக்கக் கூடாது. மற்றதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான், தம்பி.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். டைகர் இறால் காலத்தில் பக்கெட் தூக்கச் சேர்ந்தேன், வனாமி இறால் வந்த பிறகு தண்ணீர்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டேன். கடல்நீரைக் கொண்டுவந்து, சுத்தம் செய்து, உப்பும் சூடும் மாறாமல் வைத்திருப்பதுதான் என் பிழைப்பு. அதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். பவளம் வளர்த்ததில்லை. வீட்டில் மகளுக்காக வைத்த 25 லிட்டர் தொட்டியில் நத்தை, நண்டு, பாசி, ஒரு சின்ன உளுவை மீன், அவ்வளவுதான். அது ஏழு வருடம் ஓடியது.

முதலில் அந்த ராமேஸ்வரம் கல். வேண்டாம் என்று நண்பருக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கல்லாக வளரும் பவளங்கள் அத்தனையும், கருப்புப் பவளமும், கடல்விசிறியும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001-லிருந்து. புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருப்பது மட்டுமல்ல, செத்துக் காய்ந்த துண்டை வீட்டில் வைத்திருப்பதும் அதற்குள் வரும். "கரையில் ஒதுங்கினதுதானே" என்ற பேச்சு வனத்துறையிடம் எடுபடாது. கடல்குதிரை, கடல் அட்டை இரண்டும் இதே கதைதான். யாராவது அன்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், ராமேஸ்வரத்திலிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத்துணியில் சுற்றி வரும் கல்லில் இருக்கும் புழுவும் கடற்பஞ்சும் பாதி செத்துத்தான் வரும். உங்கள் சின்னத் தொட்டியில் அதைப் போட்டால் அழுகல்தான் நடக்கும்.

பவளம் இல்லாமல் என்ன ரீஃப் என்று தோன்றும். புதுச்சேரியில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தார் இறக்கிய ஒரு செயற்கைப் பாறைத்திட்டு இருக்கிறது. துறைமுகச் சுவர் வந்தபின் வடக்கே போக வேண்டிய மணல் தடைப்பட்டு, ஊருக்கு முன்னால் கடற்கரையே இல்லாமல் போயிருந்தது. அலையை உடைத்து மணலைத் தங்கவைக்கத்தான் அதைப் போட்டார்கள். நம் கரையோரம் பெரும்பாலும் மணல்தான், பவளத்திட்டு இங்கே இயற்கையாகக் கிடையாது. ஆனால் அலையைத் தடுக்கப் போடும் தூண்டில் வளைவுக் கல்லோ இரும்போ எதைக் கடலில் போட்டாலும் சில மாதத்தில் கொட்டலசு என்கிற ஓட்டுயிர் ஒட்டி, பாசி படர்ந்து, பொந்துக்குப் பொந்து நண்டு குடியேறிவிடுகிறது. அப்படி ஒரு கல்திட்டைத்தான் உங்கள் தொட்டிக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நம் ஊர்க் கடலுக்கு அதுதான் உண்மையானது, பார்க்கவும் சலிக்காது.

இனி தொட்டி. நீங்கள் சொன்ன அளவுக்கு வெளிக்கணக்கு கிட்டத்தட்ட 29 லிட்டர். மேலே இரண்டு அங்குலம் விட்டு, கல்லும் போட்டால், உள்ளே நிற்கும் தண்ணீர் 20 லிட்டர்தான். 10 அங்குல உயரத்துக்கு 5 மி.மீ. கண்ணாடி தாராளம். கசியும் மூலையில் மேலாக சிலிக்கான் பூசி ஏமாறாதீர்கள். காய்ந்த பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது. அந்த மூலையை பிளேடால் முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புதிதாகப் போட வேண்டும். வாங்கும்போது பூஞ்சை எதிர்ப்பு என்று போட்ட பாத்ரூம் சிலிக்கானைத் தவிருங்கள், அதில் கலந்த மருந்து உயிருக்கு ஆகாது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண வகை போதும். வாடை முழுக்கப் போக ஒரு வாரம், பிறகு மொட்டைமாடியில் இரண்டு நாள் தண்ணீர் நிரப்பிச் சோதனை. அடியில் தெர்மாகோல் அட்டை. பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மீன் பெட்டித் தெர்மாகோலை வெட்டி ஒட்டிவிட்டால் வெயில் சூடு உள்ளே இறங்குவது குறையும். இதற்குக் குப்பைச் சாமானைவிட நல்லது கிடையாது. ஒன்று மட்டும் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்: அந்தத் தொட்டியில் முன்பு மீனுக்கு வியாதி என்று மயில்துத்தம் என்கிற செம்பு உப்போ, செம்பு கலந்த வேறு மருந்தோ ஊற்றினார்களா? ஊற்றியிருந்தால் தொட்டியை விட்டுவிடுங்கள். செம்பு மீனை விட்டுவைக்கும், நத்தையையும் இறாலையும் விட்டுவைக்காது.

சின்னத் தொட்டி என்றால் சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஹேச்சரியில் 10 டன் தொட்டியில் நாங்கள் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தாலும் தண்ணீர் பொறுத்துக்கொள்ளும். 20 லிட்டர் பொறுக்காது. ஒரு கணக்கு பாருங்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதாவது 35 பிபிடி. மேலே ஃபேன் ஓடினால் தினம் அரை லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும். நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 18 லிட்டரில் அதே 700 கிராம் உப்பு, 39 பிபிடிக்குப் பக்கம். அதனால் தொட்டியின் கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு போட்டு, தினம் காலையில் அந்தக் கோடு வரை நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் ஆர்ஓ தண்ணீர். கடல்நீரை ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தப்பு இதுதான்.

உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது, ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அது வரும்வரை சமையலறைத் தராசு போதும். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை ஆர்ஓ தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள், கொட்டிவிட்டு அதே கோடு வரை தொட்டித் தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். இரண்டும் ஒரே அறையில் ஒரு ராத்திரி வைத்து ஒரே சூட்டில் இருக்க வேண்டும். வித்தியாசம் 26 கிராம் என்றால் 35 பிபிடி. 23 கிராமுக்குக் கீழே போனால் 30-க்குப் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கிராம் முன்னே பின்னே என்பது ஒன்றேகால் பிபிடிக்குக் கொஞ்சம் கூட, அந்தத் துல்லியம் நத்தைக்குப் போதும்.

கடல் நடக்கிற தூரம் என்பது உங்களுக்குக் கிடைத்த வரம். அதற்காகச் சில்வர் பீச்சில் குடத்தை முக்காதீர்கள். வடக்கே தாழங்குடாவில் பெண்ணையாறு, இந்தப் பக்கம் கெடிலம், தெற்கே உப்பனாறு என்று ஆறுகள் வந்து விழும் கரை அது. ஊர்ச் சாக்கடையும் அதோடு வருகிறது, உப்பனாற்றுக் கரையில் சிப்காட் ஆலைகளும் இருக்கின்றன. ஃபைபர் படகில் போகும் அண்ணன் யாரையாவது பிடித்து, பத்துப் பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துக்கு அப்பால் இரண்டு கேன் மொண்டுவரச் சொல்லுங்கள். டீக்காசு கொடுத்தால் செய்வார்கள். கேன் 20 லிட்டர் குடிநீர் கேனாக இருக்கட்டும். பினாயில் கேனையோ பூச்சிமருந்து கேனையோ எத்தனை தடவை கழுவினாலும் நம்பாதீர்கள். காலமும் முக்கியம். மாசியிலிருந்து ஆனி வரை நம் கடலில் உப்பு நிறைவாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளம் கலந்து கரையோரத்தில் 30-க்குக் கீழே இறங்கிவிடும், கலங்கலும் கூட. மழைக்கு முன்பே மூன்று நாலு கேன் நிரப்பி இருட்டான இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

"மரக்காணம் உப்பை வாங்கிக் கரைத்தால் என்ன?" என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் முந்தைய பாத்திகளிலேயே படிந்துவிடும். பிறகுதான் சோற்றுப்பு. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடும். வாரி எடுத்த உப்பில் இருப்பது கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும். அதைக் கரைத்தால் கிடைப்பது உப்புத் தண்ணீர், கடல்நீர் ஆகாது. நத்தை ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், அது அதில் இல்லை. மழைக்காலத்தில் சேமிப்புத் தீர்ந்துவிட்டால் கடல்தொட்டிக்கென்றே விற்கும் உப்புக் கலவையை வாங்குங்கள். இதெல்லாம் புதுசாக இருக்க வேண்டிய பட்டியல்.

கொண்டுவந்த கடல்நீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்வதா, அப்படியே ஊற்றுவதா என்பதில் அனுபவசாலிகளே இரண்டு கட்சி. ஹேச்சரியில் குளோரின் போடாமல் ஒரு சொட்டுக்கூட உள்ளே விட மாட்டோம், இறாலுக்கு நோய் தரும் விப்ரியோ பாக்டீரியா பயம். வீட்டுத் தொட்டிக்காரர்களில் பலர், கடல்நீரில் வரும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் தொட்டிக்கு உயிர் என்பார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என் பழக்கம் நடுவழி: துணியில் வடிகட்டி, மூடிபோட்டு இருட்டில் பத்து நாள் வைத்து, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலாக எடுப்பேன். கலங்கலாக வந்தால் மட்டும் குளோரின். வாசனை சேர்க்காத 5 சதவீத ஹைப்போகுளோரைட் 20 லிட்டருக்கு 4 மி.லி., அது 10 பிபிஎம். காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு இரண்டு நாள் வெயிலில் ஓடவிட்டு, குளோரின் சோதனைச் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் தட்டினால் ஹைப்போ என்கிற சோடியம் தயோசல்பேட்டில் சிட்டிகை போட்டு, மறுபடி பாருங்கள். மஞ்சள் முழுக்கப் போகாமல் தொட்டியில் ஊற்றக் கூடாது.

கல்லை நீங்களே வார்க்கலாம். இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பழைய புதுச்சேரிச் சுவர்களுக்குப் பூச்சுச் சுண்ணாம்பு வந்த அதே கிளிஞ்சல்தான் இதற்கும். கிளிஞ்சலையும் ஆளி என்கிற சிப்பியின் ஓட்டையும் நன்றாகக் கழுவி, கோணியில் கட்டி உடைத்துக்கொள்ளுங்கள். நாலு பங்கு ஓட்டுத்தூளுக்கு ஒரு பங்கு சாதாரண சிமெண்ட், ஒரு பங்கு கல்லுப்பு. உதிரியாகப் பிசைந்து, ஈர மணலில் கையால் குழி பறித்து அதில் அமுக்கி வைத்தால் கோணல்மாணலாகப் பாறை மாதிரியே வரும். விரலை விட்டுப் பொந்துகள் செய்துகொள்ளுங்கள். இரண்டு நாளில் எடுத்துத் தண்ணீரில் போட்டால் கல்லுப்புக் கரைந்து உள்ளெல்லாம் துளை விழும், அந்தத் துளைகளில்தான் பின்னால் நல்ல பாக்டீரியா குடியிருக்கும். ஆனால் சிமெண்ட் காரம் கக்கும். முதல் வாரத்தில் தண்ணீரின் பிஎச் 11, 12 என்று நிற்கும். வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றி ஆறு வாரம், சில சமயம் எட்டு வாரம் ஊறப்போட வேண்டும். தண்ணீர் மாற்றி மூன்று நாள் கழித்தும் பிஎச் 8.5-க்கு மேலே ஏறாவிட்டால் கல் தயார். பிஎச் காகிதம் உங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கேட்டாலே இரண்டு துண்டு தருவார்கள்.

கூலர் மோட்டாரை மறந்துவிடுங்கள். அது நல்ல தண்ணீருக்குச் செய்தது. உள்ளே இரும்புத் தண்டும் திருகும் இருக்கும், உப்பில் துருவேறும், துரு பிடித்தால் மின்காப்பு போகும், கடல்நீரோ மின்சாரத்தை அருமையாகக் கடத்தும். கையை விட்டுக் கல்லை நகர்த்தும் இடம் அது. காற்றுப் பம்பு ஒன்று புதிதாக வாங்குங்கள். மின்சாரம் தண்ணீருக்கு வெளியே நின்றுவிடும், குழாய் மட்டும் உள்ளே. பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பின்வாங்கிப் பம்புக்குள் இறங்கும். ஒயர் ப்ளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழியும் சொட்டு அந்த வளைவில் விழுந்துவிடும். வீட்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை கேளுங்கள். குமிழி வெடித்துத் தெறிக்கும் உப்பு சுவரிலும் ஸ்விட்ச் போர்டிலும் வெள்ளையாகப் பூக்கும், அதனால் மேலே ஒரு கண்ணாடித் துண்டு மூடி வேண்டும், ஃபேனுக்கு இடம்விட்டு. உங்கள் 9 வாட் பல்பு வெள்ளை ஒளி என்றால் பாசிக்குப் போதும், தினம் எட்டு மணி நேரம். ஜன்னல் வெயில் வேண்டாம்.

கம்ப்யூட்டர் ஃபேனுக்கு மட்டும் என் முழு ஆசி. பழைய இன்டர்நெட் மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரில் ஓடும், தொட்டாலும் அடிக்காது. தண்ணீர் மட்டத்தை உரசிக் காற்று போகும்படி வைத்தால் இரண்டு டிகிரி குறையும், மண்பானை குளிர்விக்கும் அதே வித்தை. ஆனால் நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். கத்திரி வெயிலில் மேற்கேயிருந்து மேல்காற்று வறட்டென்று அடிக்கும் முற்பகலில் நன்றாக வேலை செய்யும், கடல்காற்று ஏறியபின் அவ்வளவு குளிர்விக்காது. வீட்டில் தண்ணீர் 32-ஐத் தொடும் நாட்கள் வரும். பவளத்துக்கு அது ஆபத்து, நம் கரை நத்தைக்கும் நண்டுக்கும் பழகியதுதான். பவளம் வேண்டாம் என்று நான் சொன்னதற்குச் சட்டத்துக்கு அடுத்த காரணம் இது.

என் முட்டாள்தனம் ஒன்று. மகளுக்கு வைத்த தொட்டியில் முதல் கோடையில், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன், காய்ச்சி வடித்த தண்ணீர்தானே என்று. மூன்று வாரத்தில் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. ஏசிக்குள் இருப்பது செம்புக் குழாய்ச் சுருள் என்பது ஹேச்சரிக்காரனான எனக்குத் தெரியாமலா இருந்தது? கண்முன்னே இருந்தும் தோன்றவில்லை. அதுதான் காரணம் என்று ஆய்வகத்தில் சோதித்து நிரூபிக்கவில்லை. நிறுத்தினேன், பாதித் தண்ணீரை இரண்டு தடவை மாற்றினேன், அதன்பின் சாகவில்லை. அதேபோல் செம்புக் குடம், பித்தளைச் சொம்பு எதுவும் இந்தத் தொட்டிப் பக்கம் வரக் கூடாது.

எல்லாம் நிரப்பி ஓடவிட்ட பிறகு காத்திருப்பு. ஒரு இறால் துண்டை உள்ளே போடுங்கள். அது அழுகி அம்மோனியா வரும், ஒரு கூட்டம் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். இந்தக் கூட்டங்கள் பெருக நாலிலிருந்து ஆறு வாரம். கடல்நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் விஷம் நன்னீரைவிட அதிகம், அதனால் கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். அம்மோனியா சோதனைக் கிட் ஒன்று வாங்கியே ஆக வேண்டும், பூஜ்யம் காட்டி ஒரு வாரம் நின்ற பிறகு இரண்டு நத்தை. பிறகு இரண்டு வாரம் கழித்து ஒரு துறவி நண்டு, அதற்கு மாறிக்கொள்ளப் பெரிய காலிச் சங்கு இரண்டு மூன்று. மீன் என்றால் விரல் நீளத்துக்குள் ஒரே ஓர் உளுவை, அதுவும் மூன்றாம் மாதம். கோமாளி மீனுக்கு 20 லிட்டர் போதாது. அதைப் பார்க்க ஆசை என்றால் தெற்கே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் விசாரியுங்கள், அங்கே அந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். வாரம் 3 லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுச் சேமித்த கடல்நீரை ஊற்றுங்கள். வெளியூர்க்காரர்கள் பல ஆயிரம் ரூபாய்க் கருவி வாங்கிச் செய்வதை நீங்கள் ஒரு வாளியில் செய்கிறீர்கள். கடையில் வாங்கிய பாசியோ உயிரோ சலித்துப்போனால் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் வளர்ப்புக்கு வந்த வெளிப்பாசி ஏறியது அப்படி வெளியூர்ச் சரக்கு கடலுக்குள் போனதால்தான்.

கடைசியாக, நம் ஊரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது நான் ஹேச்சரியில் இருந்தேன். ஜெனரேட்டர் டீசல் இரண்டாம் நாள் தீர்ந்தது, சாலையெல்லாம் மரம். பெரிய தொட்டிகளைக் கைவிட்டோம். தாய் இறால் இருந்த ஒரு சின்னத் தொட்டியை மட்டும் ஆள் மாற்றி ஆள் மக்கால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றியே காப்பாற்றினோம். ஊற்றும்போது தண்ணீரோடு காற்றும் உள்ளே போகிறது, அவ்வளவுதான் விஷயம். உங்கள் 20 லிட்டருக்குப் பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும். அதுவும் தீர்ந்தால் தீனி போடுவதை நிறுத்திவிட்டு, மணிக்கு ஒரு தடவை பிளாஸ்டிக் மக்கால் இருபது முறை மொண்டு ஊற்றுங்கள், ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து.